கோடரி ஏந்திய சிப்பாய்கள்: உலகப்போர்க்கால மரவெட்டிப் படைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் நவம்பர் 11 நினைவுநாள் நெருங்கும்போது நம்மவர்களிடம் உலகப்போர்கள் பற்றிப் பேசுவது என் வழக்கம். பதுங்குகுழி, டாங்கி, விமானம் என்றால் பேசாமல் கேட்டுக்கொள்வார்கள். மரம் வெட்டப் போன சிப்பாய்களைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும் கேள்விகள் கிளம்பிவிடும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தச் சிப்பாய்களைப் போரின் ஓரத்தில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் மாற வேண்டும் என்பது என் ஆசை.

ராணுவத்துல சேர்ந்து மரம் வெட்டப் போனாங்களா? நிஜமாவே அப்படி ஒரு படை இருந்ததா?

இருந்தது. கனடிய வனப் படை என்பது முதல் உலகப்போரில் 1916-ல் உருவான முறையான ராணுவப் பிரிவு. சீருடை, பதவி வரிசை, கவாத்து, ராணுவச் சட்டம் எல்லாம் மற்ற சிப்பாய்களுக்கு இருந்ததுபோலவே இவர்களுக்கும் உண்டு. வேலை மட்டும் காட்டில். மரத்தை வெட்டி, இழுத்து வந்து, அறுத்துப் பலகையாகவும் சட்டமாகவும் ரயில்பாதைக் கட்டையாகவும் அனுப்புவதுதான் இவர்களுடைய போர்.

தொடக்கம் சிறியது. 1916 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு கனடாவிடம் 1,500 மரத்தொழிலாளர்களைக் கேட்டது. 224-ஆவது பட்டாலியன் என்ற பெயரில் அவசரமாக ஆள் திரட்டி, சில மாதங்களிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதற்குத் தலைமை தாங்கிய அலெக்சாண்டர் மெக்டூகல்தான் பிறகு முழுப் படைக்கும் தலைவரானார். வின்ட்சர் அரச பூங்காவை ஒட்டிய வர்ஜீனியா வாட்டர் என்ற இடத்தில் முதல் மில் ஓடத் தொடங்கியது. போர் முடியும்போது படையின் பலம் 20,000 பேருக்கும் மேல்.

போருக்கு எதுக்கு அவ்வளவு மரம்? துப்பாக்கி, குண்டு எல்லாம் இரும்புதானே?

சுடுவது இரும்புதான். ஆனால் சுடுபவன் நிற்கும் இடம், படுக்கும் இடம், அவனிடம் குண்டு வந்து சேரும் வழி எல்லாம் மரம். பதுங்குகுழியின் மண்சுவர் சரியாமல் தாங்கப் பலகை வேண்டும். நிலத்தடி அறைக்கு முட்டுக்கால் வேண்டும். முள்கம்பிக்குக் கம்பம், தொலைபேசிக்குக் கம்பம், சிப்பாய் தங்கும் குடில், மருத்துவமனைக் கொட்டகை, குண்டுப் பெட்டி, கடைசியில் கல்லறைச் சிலுவை.

இவற்றுள் மிக எளிய ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு நீளச் சட்டங்களை இணையாகப் போட்டு, நடுவே குறுக்குக் கட்டைகளை இடைவெளி விட்டு ஆணியடித்தால் நடைபலகை ஆகிவிடும். 1917-ல் பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர்க்களத்தில் மழையும் ஷெல் வீச்சும் சேர்ந்து நிலத்தையே சேறாக்கிவிட்டன. அந்தச் சேற்றில் கால் வைக்க இருந்தது இந்த நடைபலகை மட்டும்தான். அதிலிருந்து வழுக்கி, தண்ணீர் நிரம்பிய ஷெல் குழியில் விழுந்து மூழ்கிய சிப்பாய்கள் உண்டு. பீரங்கியும் லாரியும் போக, கனமான பலகைகளை நெருக்கமாக அடுக்கிச் சாலையே போட்டார்கள். ஷெல் விழுந்து அது உடைந்தால் மறுபடியும் பலகை. காட்டில் ரம்பம் ஒரு வாரம் நின்றிருந்தால் அதன் விளைவு போர்முனையில் தெரிந்திருக்கும்.

இதோடு ரயில்பாதைக் கட்டை, நிலக்கரிச் சுரங்கத்துக்கு முட்டு, விமானத்துக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். சுரங்கத்தில் முட்டு இல்லையென்றால் நிலக்கரி இல்லை; நிலக்கரி இல்லையென்றால் அன்றைய பிரிட்டனில் ஆலையும் ரயிலும் ஓடாது, கப்பற்படையிலும் பெரும்பகுதி நகராது.

கனடாவுலதான் காடு கொட்டிக் கிடக்குதே. மரத்தை அனுப்பாம ஆளை ஏன் அனுப்பினாங்க?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். விடை கப்பலில் இருக்கிறது. மரம் இடத்தை அடைக்கும் சரக்கு. போருக்கு முன் பிரிட்டன் தனக்குத் தேவையான மரத்தில் பெரும்பகுதியைக் கப்பலில்தான் இறக்கிக்கொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கிய பிறகு, மிஞ்சிய கப்பல்களின் ஒவ்வொரு மூலையும் கோதுமைக்கும் வெடிமருந்துக்கும் ஆட்களுக்கும் தேவைப்பட்டது. மரத்தை ஏற்றினால் அந்த அளவுக்கு உணவு குறையும்.

ஒரு மரவெட்டி கப்பலில் வந்தால் ஒரு ஆளுக்கான இடம் போதும். அவன் இறங்கிய பிறகு ஆண்டுக்கணக்கில் உள்ளூர்க் காட்டிலிருந்தே மரம் கொடுத்துக்கொண்டிருப்பான். இங்கிலாந்திலும் பிரான்சிலும் காடு இருந்தது. வெட்டத் தெரிந்த உள்ளூர் ஆட்கள்தான் போர்முனைக்குப் போய்விட்டார்கள். அதனால் ஆளோடு சேர்த்துக் கோடரி, ரம்பம், மில் சாமான்கள் என எல்லாம் கனடாவிலிருந்து வந்தன.

எந்தெந்த ஊர்க் காடுகள்ல வேலை செஞ்சாங்க?

முதல் போரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, பிரான்ஸ். பிரான்சில் சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலை, வோஸ்ஜ் மலை, வடக்கே நார்மண்டி, தென்மேற்கே போர்தோ நகருக்குத் தெற்கே பரந்து கிடக்கும் லாந்து பகுதி. ஜூராவில் ஓங்கி வளர்ந்த ஃபிர் மரங்கள். லாந்தில் மணல்மேட்டைக் கட்டிப்போடுவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் நட்டு வளர்த்த பைன் காடு. பல தலைமுறைகளாக அங்குள்ளவர்கள் மரத்தில் கீறல் போட்டுப் பிசின் எடுத்துப் பிழைத்தவர்கள்.

மேற்குப் போர்முனையில் நேச நாட்டுப் படைகள் பயன்படுத்திய மரத்தில் சுமார் 70 சதவீதம் கனடியர் கைபட்டது என்று அந்நாளில் கணக்குச் சொன்னார்கள். மரம் வெட்டுவதோடு 1918-ல் விமானத் தளங்களுக்காகக் காட்டை அழித்து நிலத்தைச் சமன்படுத்தும் வேலையும் இவர்கள் தலையில் விழுந்தது. அடிக்கட்டையைப் பெயர்த்து எடுக்கத் தெரிந்தவர்கள் வேறு யார் இருந்தார்கள்?

வேலை எப்படி நடந்தது? மெஷின் இருந்ததா, எல்லாம் கைவேலையா?

வெட்டுவது கை, இழுப்பது குதிரை, அறுப்பது மெஷின். முதல் போரில் கதை இதுதான்.

மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று முதலில் பார்ப்பார்கள். சாய்வு, கிளைகளின் பாரம், காற்று, பக்கத்து மரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். விழவேண்டிய பக்கத்தில் கோடரியால் முக்கோணமாக ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் மண்டியிட்டு, ஆளுக்கொரு முனையாக நீள ரம்பத்தை இழுப்பார்கள். இதில் தள்ளுவது கிடையாது. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். தள்ளினால் ரம்பம் வளைந்துகொள்ளும். ரம்பம் உள்ளே போகப் போக மரத்தின் பாரம் அதை இறுக்கிப் பிடிக்கும். அப்போது பின்னால் ஆப்பு அடித்து இடம் உண்டாக்குவார்கள். நார்கள் முறியும் சத்தம் கேட்டதும் ரம்பத்தை உருவிக்கொண்டு பக்கவாட்டில் விலக வேண்டும். மரத்துக்கு நேர் பின்னால் ஓடக்கூடாது. அடிமரம் எகிறிப் பின்பக்கம் பாயக்கூடும்.

கிளை கழித்து, அளவுக்குத் துண்டுபோட்டு, சங்கிலி கட்டிக் குதிரையால் மில்லுக்கு இழுத்துப் போவார்கள். மில் என்றால் நிரந்தரக் கட்டடம் அல்ல. ஒரு கொட்டகை, நீராவி எஞ்சின், பெரிய வட்ட ரம்பம். அந்தக் காட்டில் வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த காட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். ஸ்காட்லாந்தில் டன்கெல்ட் என்ற ஊருக்கு அருகே, அப்போது கனடாவோடு சேராதிருந்த நியூஃபவுண்ட்லாந்தின் ஆட்கள் மலைச்சரிவில் சுமார் 3,000 அடி நீளத்துக்கு மரத்தாலேயே ஒரு சறுக்குக் கால்வாய் கட்டினார்கள். மேலே தடியை உருட்டிவிட்டால் கீழே வந்து நிற்கும். குதிரையால் இறங்க முடியாத சரிவு அது.

இரண்டாம் போரில் டிராக்டரும் லாரியும் வந்தன. மரத்தை வீழ்த்துவது மட்டும் அப்போதும் பெரும்பாலும் கோடரியும் கை ரம்பமும்தான்.

வெளிநாட்டுக்காரன் வந்து நம்ம காட்டை வெட்டினா சும்மா இருப்பாங்களா? உள்ளூர்ல சண்டை வரலையா?

சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் உரசல் நிறைய. பெரும்பாலும் அது அடிக்கட்டையைப் பற்றியது.

கனடாவில் மரம் வெட்டும் பருவம் குளிர்காலம். ஆழமான பனியின்மேல் நின்று, இடுப்பு உயரத்தில் வெட்டுவார்கள். பனி உருகிய பிறகு பார்த்தால் உயரமான அடிக்கட்டைகள் நிற்கும். காட்டுக்குப் பஞ்சமில்லாததால் அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரான்சில் ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு உண்டு. வனத்துறை அதிகாரி முத்திரை குத்திய மரத்தை மட்டுமே தொடலாம். தரையோடு தரையாக வெட்ட வேண்டும். இளங்கன்றுகள்மேல் மரம் விழக்கூடாது. கழித்த கிளைகளை ஒழுங்காகக் குவிக்க வேண்டும். குனிந்து வெட்டிப் பழக்கமில்லாத மரவெட்டிகளுக்கு முதல் சில வாரங்கள் முதுகு ஒடிந்துவிட்டது. ஸ்காட்லாந்து நிலக்கிழார்களிடமிருந்தும் இதே புகார்தான்.

எனக்கு இதில் பிரெஞ்சு அதிகாரிகளின் பக்கம் நியாயம் தெரிகிறது. நாட்டின் வடகிழக்கு எரிந்துகொண்டிருக்கும்போதும், அடுத்த நூறு ஆண்டுகளுக்கான காட்டை விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். கனடியர்களும் கற்றுக்கொண்டார்கள்.

சண்டைக்குப் பயந்தவங்கதானே இதுல சேர்ந்திருப்பாங்க?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தப் படையில் இருந்தவர்களில் பலர் வயது கடந்தவர்கள், பார்வைக் குறைவோ வேறு உடற்குறையோ காரணமாகக் காலாட்படைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள், அல்லது போர்முனையில் காயம்பட்டுத் தேறியவர்கள். வீட்டில் இருந்திருக்கலாம், அப்படி இருக்காமல் கடல் கடந்து வந்தார்கள். இன்னும் பலர் காட்டுவேலையில் கெட்டிக்காரர்கள் என்பதாலேயே இங்கே அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் கனடாவின் பழங்குடி மக்களும் கணிசமாக இருந்தார்கள்.

சம்பளமும் கூடுதல் இல்லை. முதல் போரில் சாதாரண கனடியச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 1 டாலர், அதோடு 10 சென்ட் படி. கோடரி பிடித்தவனுக்கும் அதேதான். 1918 வசந்தத்தில் ஜெர்மன் படை மேற்கு முனையை உடைத்துக்கொண்டு வந்தபோது இந்தப் படையிலிருந்தும் காலாட்படைக்கு ஆள் போனது.

சண்டை இல்லைன்னா சாவும் இல்லைதானே?

அப்படி இல்லை, சாவு உண்டு. காட்டுவேலை சமாதான காலத்திலேயே ஆளைக் கொல்லும் தொழில். மேலே வேலை பற்றிய பதிலில் சொன்ன ஒவ்வொரு படியிலும் ஒரு விபத்து காத்திருக்கிறது: எகிறும் அடிமரம், மேலே சிக்கி நின்று பிறகு விழும் கிளை, உருளும் தடி, வட்ட ரம்பம். ஈரக் குடில்களில் நிமோனியா, 1918-ல் இன்ஃபுளுவென்சா.

போகும் வழியும் ஆபத்துதான். 1917-ல் போரில் இறங்கிய அமெரிக்காவும் மரவெட்டிப் படைகளை அனுப்பியது. 10-ஆவது எஞ்சினியர் ரெஜிமெண்ட் முதலில் போனது. பிறகு போன 20-ஆவது எஞ்சினியர் ரெஜிமெண்ட் சுமார் 18,000 பேராக வளர்ந்து, அமெரிக்க ராணுவத்திலேயே மிகப் பெரிய ரெஜிமெண்ட் ஆனது. அதைச் சேர்ந்த ஒரு பட்டாலியன் ஏறிவந்த டஸ்கேனியா கப்பலை 1918 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. கப்பலில் 2,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள். பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டார்கள், 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் இறந்த மரவெட்டிகளும் அவர்களில் உண்டு.

உடல்கள் ஐலாவின் பாறைக்கரையில் ஒதுங்கின. அவர்களை அவர்கள் நாட்டுக் கொடியோடு அடக்கம் செய்ய வேண்டும் என்று தீவு மக்கள் நினைத்தார்கள். தீவில் அமெரிக்கக் கொடி கிடையாது. கிடைத்த துணிகளை வைத்து, இரவோடு இரவாக உட்கார்ந்து தாங்களே ஒரு கொடியைத் தைத்தார்கள். அந்தக் கொடி பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

கறுப்பினத்தவருக்குத் தனி பட்டாலியன் வெச்சிருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். அது இந்தப் படைதானா?

அது இரண்டாம் எண் கட்டுமானப் பட்டாலியன். பெயர் கட்டுமானம் என்றாலும் அவர்கள் வேலை செய்தது ஜூரா மலையில், கனடிய வனப் படையோடு. இந்தத் தொகுப்பிலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது என்று நினைக்கிறேன்.

1914-ல் போர் தொடங்கியதும் கனடாவின் கறுப்பின இளைஞர்கள் சேரப் போனார்கள். பல இடங்களில் இது வெள்ளைக்காரர் போர், உங்களுக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் விடாமல் கேட்ட பிறகு, 1916 ஜூலை 5 அன்று நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ ஊரில் தனிப் பட்டாலியனுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் துப்பாக்கிப் படையாக அல்ல, மண்வெட்டிப் படையாக. நோவா ஸ்கோஷியாவிலிருந்து பாதிக்கு மேல், ஒன்டாரியோவிலிருந்து பலர், அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் என்று சுமார் 600 பேர். 1917 மார்ச்சில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார்கள். முழுப் பட்டாலியனுக்குரிய எண்ணிக்கை இல்லை என்று இங்கிலாந்தில் அதைக் கம்பெனி என்ற சிறிய ராணுவப் பிரிவாகச் சுருக்கிவிட்டார்கள்.

ஜூராவில் லா ஜூ காட்டில் அவர்கள் சாலை போட்டார்கள், மரம் வெட்டினார்கள், இழுத்தார்கள், மில்லில் நின்றார்கள். பக்கத்திலேயே வெள்ளைச் சிப்பாய்களும் அதே வேலையைச் செய்தார்கள். ஆனால் முகாம் தனி. ஒரு பகுதியினரைப் பிரித்து நார்மண்டியின் அலான்சோன் பகுதிக்கு அனுப்பினார்கள். அதிகாரிகள் எல்லாம் வெள்ளையர். விதிவிலக்கு மதகுரு வில்லியம் வைட். வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த அவருக்குக் கௌரவ கேப்டன் பதவி கிடைத்தது. பின்னாளில் கனடாவெங்கும் புகழ்பெற்ற பாடகி போர்ஷியா வைட் அவருடைய மகள்.

ஊர் திரும்பியபோது அவர்களுக்குப் பெரிய மரியாதை எதுவும் காத்திருக்கவில்லை. கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது 2022 ஜூலை 9 அன்று, நோவா ஸ்கோஷியாவின் ட்ரூரோ நகரில். அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, அந்தச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்து அந்த நிகழ்வில் பங்கேற்ற அனிதா ஆனந்த், தந்தை வழியில் தமிழ்நாட்டு வேர் உள்ளவர். மன்னிப்பு வந்தபோது அந்தச் சிப்பாய்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

மேலே ஒரு கேள்வியில் சண்டைக்குப் பயந்தவர்களா என்று கேட்டீர்கள். இவர்கள் துப்பாக்கி கேட்டவர்கள். கோடரிதான் கொடுக்கப்பட்டது.

ரெண்டாம் உலகப்போர்லயும் இதே மாதிரி நடந்ததா?

நடந்தது, காரணமும் அதேதான். 1940-ல் நார்வே ஜெர்மனி வசம் போனது, பிரான்ஸ் விழுந்தது, பால்டிக் கடல் வழியும் அடைபட்டது. மேலே கப்பல் பற்றிச் சொன்ன நெருக்கடி இன்னும் மோசமாகத் திரும்பி வந்தது. கனடா தன் வனப் படையை மறுபடியும் எழுப்பியது. முதல் போரில் இதே படையில் இருந்த ஜே. பி. வைட் தலைவரானார். 30 கம்பெனிகள், சுமார் 7,000 பேர். கிட்டத்தட்ட எல்லோரும் ஸ்காட்லாந்து மலைநாட்டில். தலைமையகம் இன்வர்னெஸ் அருகே பியூலி என்ற ஊர்ப் பக்கம். கார்பிரிட்ஜ், அபர்னெத்தி, கிளென் டானர் என்று ஸ்காட்ஸ் பைன் காடு இருந்த இடங்களிலெல்லாம் முகாம்கள்.

இம்முறை அவர்களுக்குக் காலாட்படைப் பயிற்சியும் கொடுத்தார்கள். படையெடுப்பு வந்தால் ரம்பத்தை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்க வேண்டும் என்பது திட்டம். 1944-ல் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிறகு 10 கம்பெனிகள் ஐரோப்பியக் கண்டத்துக்குப் போயின. மற்றபடி ஊர் நடனங்கள், காதல், கல்யாணம். ஸ்காட்லாந்துப் பெண்களை மணந்து கனடாவுக்குக் கூட்டிப்போனவர்கள் ஏராளம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் வனக் கம்பெனிகளை பிரிட்டனுக்கு அனுப்பியிருந்தன.

நியூஃபவுண்ட்லாந்துக்காரங்களும் கனடா ராணுவம்தானே? ஏன் தனியாச் சொல்றீங்க?

நியூஃபவுண்ட்லாந்து 1949-ல்தான் கனடாவோடு சேர்ந்தது. அதற்கு முன் இரண்டு போர்களிலும் தனியாகவே ஆள் அனுப்பியது. முதல் போரில் போன சுமார் 500 பேர் சிப்பாய்கள். டன்கெல்ட் சறுக்குக் கால்வாய் அவர்கள் வேலை.

இரண்டாம் போரில் போனவர்கள் சிப்பாய்கள் அல்லர். இங்கேதான் பலர் குழம்பிவிடுகிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து கடல்கடந்த வனப் பிரிவு என்பது குடிமக்கள் படை. 1939 முடிவதற்குள்ளேயே, கனடிய வனப் படை மறுபிறப்பு எடுப்பதற்கு முன்பே, முதல் குழு பிரிட்டன் போய்ச் சேர்ந்துவிட்டது. நாளுக்கு 2 டாலர் கூலி, ஆறு மாத ஒப்பந்தம். போர் முழுவதிலுமாக 3,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். சீருடை இல்லாததால் ஊரில் சிலர் ஏளனமாகப் பார்த்ததும் உண்டு. ஆனால் பகல் முழுக்க மரம் வெட்டிவிட்டு, ஊர்க்காவல் படையில் தங்களுக்கென்று ஒரு பட்டாலியனே அமைத்துப் பயிற்சி எடுத்தார்கள். பலர் ஒப்பந்தம் முடிந்ததும் ராணுவத்திலோ கப்பற்படையிலோ சேர்ந்தார்கள்.

ஸ்காட்லாந்துல ஹோண்டுராஸ்காரங்க மரம் வெட்டினாங்கன்னு எங்கேயோ படிச்சேன். இது உண்மையா?

உண்மை. இன்று பெலீஸ் என்று அழைக்கப்படும் நாடு அன்று பிரிட்டிஷ் ஹோண்டுராஸ். மகோகனிக் காடுகளில் பழகிய சுமார் 900 பேர் 1941 முதல் இரண்டு தவணையாக ஸ்காட்லாந்துக்கு வந்தார்கள். இவர்களும் குடிமக்கள்தான். வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்கள் இறங்கியபோது முகாம்களே முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை. குளிரிலும் ஈரத்திலும் பலர் நோயில் விழுந்தார்கள்.

நிறவெறியும் சேர்ந்துகொண்டது. உள்ளூர்ப் பெண்களோடு இவர்கள் பழகுவதைக் குறைசொல்லி பக்லூ பிரபு காலனி நாடுகளைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சகத்துக்கே புகார் எழுதினார். அந்தப் புகாருக்கு அங்கிருந்து பதில் எழுதியவர் பின்னாளில் பிரதமரான ஹரோல்ட் மேக்மில்லன். 1943 இறுதியில் பிரிவைக் கலைத்துப் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். சிலர் பிரிட்டனிலேயே தங்கிக் குடும்பமானார்கள். ஜூராவில் நடந்தது 25 ஆண்டுகள் கழித்து வேறு வடிவத்தில் நடந்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

நம்ம ஆளுங்க யாராவது இதுல உண்டா? இந்தியர், தமிழர்?

1917, 1918-ல் இந்தியத் தொழிலாளர் படை என்ற பெயரில் சுமார் 50,000 பேர் பிரான்ஸ் போனார்கள். நாகர், லுஷாய், காசி, சந்தால், ஒராவ்ன் என்று மலைக்குடிகளும் பழங்குடிகளும் அதில் அதிகம். சாலை, ரயில்பாதை, சரக்கு இறக்குவது, காட்டில் மரம் வெட்டுவது என்று அவர்களுக்குப் பலவிதமான வேலை.

சயாம் மரண ரயில்பாதையில் நம் தமிழர்கள் காடு வெட்டினார்களே என்றும் கேட்கிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். அவர்கள் சிப்பாய்களும் அல்லர், விரும்பிப் போனவர்களும் அல்லர். அந்தத் துயரத்தை இதோடு சேர்த்துச் சொன்னால் இரண்டுக்குமே நியாயம் செய்ததாகாது. தனியாகத்தான் எழுத வேண்டும்.

எதிர்த்தரப்பு மரத்துக்கு என்ன பண்ணினாங்க?

ஜெர்மனி கைப்பற்றிய நாட்டுக் காடுகளை வெட்டியது. 1915 முதல் பியாலோவியேஸா பெருங்காட்டில், இன்றைய போலந்து பெலாரஸ் எல்லையில், மில்களும் சிறு ரயில்பாதைகளும் போட்டுப் பெருமளவில் மரம் எடுத்தது. போர்க்கைதிகளையும் அந்த வேலையில் போட்டது. நேச நாடுகளும் ஜெர்மன் கைதிகளைத் தங்கள் காடுகளில் வேலை வாங்கின.

இவ்வளவு வெட்டினா அந்தக் காடெல்லாம் என்ன ஆச்சு?

பிரான்ஸ் ஓரளவு தப்பித்தது. அடிக்கட்டை பற்றிய பதிலில் சொன்ன அந்தக் கெடுபிடிதான் காரணம். லா ஜூவில் இன்றும் ஓங்கிய ஃபிர் காடு நிற்கிறது.

பிரிட்டன் அடிவாங்கியது. முதல் போர் முடிந்தபோது நாட்டின் நிலப்பரப்பில் காடு சுமார் 5 சதவீதம்தான். அடுத்த போர் வந்தால் என்ன செய்வது என்ற அச்சத்தில் 1919-ல் வன ஆணையத்தை உருவாக்கி, நிலம் வாங்கி நட ஆரம்பித்தார்கள். நட்டவை வளர்வதற்குள் இரண்டாம் போர் வந்துவிட்டது. மிஞ்சியிருந்த ஸ்காட்ஸ் பைன் பழங்காடுகளும் கோடரிக்குத் தப்பவில்லை. பிறகு வேகமாக வளரும் வட அமெரிக்க ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் கறுத்து அடர்ந்து தெரியும் ஸ்ப்ரூஸ் தோட்டங்களில் பலவற்றுக்கு மூலம் இந்த அச்சம்தான். பரப்பளவு இப்போது சுமார் 13 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது. ஆனால் நட்ட தோட்டம் பழங்காட்டுக்கு ஈடாகாது. அந்த இழப்பை இவர்கள் வெட்டிய கணக்கோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்ப போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கா?

ஸ்காட்லாந்துக் காடுகளில் முகாம்களின் அடித்தளக் கான்கிரீட், மில் நின்ற இடங்கள் ஆங்காங்கே தெரியும். ஐலா தீவின் தென்முனைப் பாறைமேல் டஸ்கேனியாவில் இறந்தவர்களுக்கான கோபுரம் நிற்கிறது. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட்டில், லிண்ட்ஹர்ஸ்ட் ஊருக்கு அருகே, சாலையோரம் வெட்டவெளியில் ஒரு அடுப்புப் புகைபோக்கி மட்டும் தனியாக நிற்கும். முதல் போரில் அங்கே மரவேலைக்கு வந்த போர்ச்சுகீசியரின் சமையல்கூடத்தில் மிஞ்சியது அது. நினைவுச்சின்னமாக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

என் மனைவியோட கொள்ளுத்தாத்தா இந்தப் படையில இருந்தாராம். ஆவணம் எங்கே தேடுறது?

முதல் உலகப்போர் என்றால் சுலபம். கனடா நூலக ஆவணக் காப்பகம் அந்தப் போரில் பணியாற்றிய கனடியச் சிப்பாய்களின் கோப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பெயரோ படை எண்ணோ போட்டுத் தேடலாம். கோப்பில் சேர்ந்த தாள், மருத்துவக் குறிப்பு, சம்பளக் கணக்கு, எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு மாறினார் என்ற விவரம் எல்லாம் இருக்கும். அந்த மாற்ற விவரத்தைப் பொறுமையாகப் பாருங்கள். காலாட்படையில் சேர்ந்து, காயம்பட்டு, பிறகு வனப் படைக்கு வந்தவர்கள் பலர் என்பதால் முதல் பக்கத்தில் வனப் படையின் பெயரே இருக்காது.

இரண்டாம் போரில் பணியின்போது இறந்தவர்களின் கோப்புகள் மட்டும் பொதுவில் உண்டு. மற்றவர்களுடையதைக் காப்பகத்துக்கு விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். நியூஃபவுண்ட்லாந்துக்காரர் என்றால் முதலில் சிப்பாயா, ஒப்பந்தத் தொழிலாளியா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் போர்த் தொழிலாளி என்றால் ராணுவக் கோப்புகளில் அவர் பெயர் இருக்காது. செயின்ட் ஜான்ஸ் நகரில் உள்ள மாகாண ஆவணக் காப்பகத்திலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.